சிறுத்தையின் நிறை



திருகோணமலை மாவட்டத்தின் தென் எல்லையை அண்டி, மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகல் ஆற்றுக்கு வடபால் அமைந்துள்ள சிற்றூர் ஈச்சிலம்பற்று. ஒரு புறம் கடல். மறு புறம் வயலும் காடும். நெற்செய்கையும் மீன்பிடியும் மாடு வளர்த்தலுமே எங்கள் மக்களின் சீவனோபாயம். காட்டோரத்தில் பட்டி அமைத்து மாடு காப்பவர் வாயிலே புலிக்கதைக்கு என்றும் பஞ்சமில்லை.

புலி என்று அவர்கள் சொல்வது சிறுத்தையையே. வரியுடம்பு கொண்ட வேங்கைப்புலி இலங்கைக் காடுகளில் இல்லை. ஆகவே நம்மவர்க்குச் சிறுத்தையே புலி. சிங்கள மொழியிலும் இதே மயக்கம் உண்டு. 1956ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சிறுத்தையைத் தனியோர் உபவினமாக விவரித்த பி. இ. பி. தெரணியகல அவர்கள், 'கொட்டியா' என்னும் சிங்களச் சொல்லையே அதற்கு விஞ்ஞானப் பெயராக இட்டார். 'திவியா' என்று வேறொரு சொல் இருக்கவும் இதனைத் தெரிந்தெடுத்தார்.

நான் கலைப் பட்டதாரி. தொல்காப்பிய மரபியல் ஆண் புலியைப் 'போத்து' என்று கூற இடந்தருவதையும், அதன் குட்டியைக் 'குருளை' என்று வழங்குவதையும் மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்தவன். ஆனால் அந்தப் போத்தின் நிறை எவ்வளவு என்று என்னை எவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. அந்த வினா என் பாடசாலையிலேயே, நான் இழைத்த ஒரு பிழையின் வாயிலாக எழுந்தது.

இலங்கைச் சிறுத்தை தினத்தை முன்னிட்டு எங்கள் பாடசாலையில் ஒரு பேச்சுப் போட்டி வைத்தோம். பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி அழகாகப் பேசினாள். உலகிலுள்ள சிறுத்தைகள் அனைத்திலும் நம் சிறுத்தையே பெரியது என்றும், அது நூறு கிலோகிராம் நிறை உடையது என்றும், வேங்கையும் சிங்கமும் இல்லாத தீவிலே அது முடிசூடிய மன்னனாதலால் அவ்வாறு வளர்ந்தது என்றும் முழங்கினாள். அடுத்துப் பேசியவன் பட்டிக்காரர் ஒருவரின் மகன். பேச்சு அவனுக்குச் சரளமாக வராது. காட்டோரத்தில் கம்பிச் சுருக்கில் சிக்கி இறந்து கிடந்த ஒரு சிறுத்தையைத் தான் கண்டதாகவும், அதிகாரிகள் வந்து அதை வாகனத்தில் ஏற்றியதாகவும் கூறியவன், "அது பெரிய பாரமில்ல சேர், ஒரு சீமெந்துப் பையளவுதான் வரும், ரெண்டு பேர் லேசாத் தூக்கினவங்க" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாணவிக்கு முதலிடம் வழங்கினேன். அவனுடைய புள்ளித்தாளில், 'தகவல்கள் போதா' என்று என் கையாலேயே எழுதினேன்.

அன்றிரவு, அந்த நூறு கிலோகிராம் எங்கிருந்து வந்தது என்று தேட முற்பட்டேன். சுற்றுலாக் கைந்நூல்களில் அது இருந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியதுபோல் எல்லாவற்றிலும் அதே சொற்கள் இருந்தன. ஆனால், தராசில் ஏற்றி நிறுத்தவர் யார், எங்கே நிறுத்தார், எப்போது நிறுத்தார் என்பதற்கு ஒன்றிலும் விடையில்லை.

நிறுத்துப் பார்த்த கணக்கு வேறோரிடத்தில் இருந்தது. இந்தியாவினதும் இலங்கையினதும் பாலூட்டிகளைப் பற்றி ஆங்கிலேய அறிஞர் பொகொக் 1939இல் வெளியிட்ட நூலில் நம் சிறுத்தையின் அளவுகள் உள்ளன. 11 ஆண்களின் சராசரி நிறை 124 இறாத்தல். அதாவது ஏறத்தாழ 56 கிலோகிராம். அவற்றுள் மிகப் பெரியது 170 இறாத்தல், அதாவது 77 கிலோகிராம். 7 பெண்களின் சராசரி 64 இறாத்தல். வெறும் 29 கிலோகிராம். சீமெந்துப் பை ஒன்றின் நிறை 50 கிலோகிராம். ஆண் சிறுத்தை ஒரு பைக்குச் சற்று மேல், பெண் சிறுத்தை அரைப் பைக்குச் சற்று மேல். பையன் சொன்னது சரி. அதிபர் எழுதியது பிழை.

நேயர்களே, சிறுத்தை எங்கும் ஒரே அளவினது அன்று. அராபியப் பாலைமலைகளில் வாழும் ஆண் சிறுத்தை 30 கிலோகிராம் அளவினது. தென்னாபிரிக்காவின் கேப் மலைத்தொடரிலுள்ள சிறுத்தை, அதே கண்டத்தின் புல்வெளிகளிலுள்ள தன் இனத்தானில் ஏறக்குறையப் பாதியே நிறை உடையது. பாரசீகத்திலும் கோக்கசஸ் மலைப்புறத்திலும் உள்ளவையோ 90 கிலோகிராமையும் எட்டக்கூடியவை. இவற்றின் நடுவே நம் சிறுத்தை குள்ளனும் அன்று, பூதாகாரமும் அன்று. இந்தியச் சிறுத்தையின் அளவுகளோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் அவற்றோடு ஒத்தே நிற்கின்றது.

அப்படியாயின், மன்னனாதலால் வளர்ந்தது என்னும் அந்த விளக்கம் என்னாயிற்று? அதன் அடிப்படை மெய்யே. நம் தீவில் ஒருகாலத்தில் சிங்கமும் இருந்தது, வேங்கையும் இருந்தது. குருவிட்டைப் பகுதியில் அகழ்ந்தெடுத்த பற்களைக் கொண்டு, இலங்கையில் சிங்கம் வாழ்ந்ததை 1939இல் தெரணியகல எடுத்துக்காட்டினார். அதே இரத்தினபுரிப் பிரதேசத்தில் வேங்கைப்புலியின் எச்சமும் கிடைத்துள்ளது. அதன் வயது ஏறத்தாழ 16,500 ஆண்டுகள் எனக் கணித்துள்ளனர். அவை மறைந்தபின் காட்டுக்குத் தலைமை சிறுத்தைக்கு வந்தது. ஆனால் அத்தலைமையின் அடையாளம் தராசிலே தெரிவதைவிட நடையிலே நன்கு தெரிகின்றது. யால வனத்திலே சிறுத்தை பட்டப்பகலில் பாதையோரத்திற் படுத்திருக்கும். ஆபிரிக்காவில் சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் அஞ்சி இரையை மரத்தின்மேல் இழுத்துச் செல்வதுபோல் இங்கே பெரும்பாலும் செய்வதில்லை. நிலத்திலேயே வைத்து உண்ணும். இமயமலை அடிவாரத்திலுள்ள ராஜாஜி தேசியப் பூங்காவிலோ, வேங்கைகள் பெருகியபோது சிறுத்தைகள் தொகையிற் குறைந்தன. காட்டின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு, சிறு பிராணிகளையும் ஊரார் கால்நடைகளையும் நாடின.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். தீவுகளில் வாழ நேர்ந்த பெருவிலங்குகள் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப்போவது உலகின் பல பாகங்களிற் கண்ட உண்மை. வேங்கைகளுள் மிகச் சிறியது பாலித் தீவில் இருந்தது. அதன் ஆண் 90 முதல் 100 கிலோகிராம் வரையே. 1937இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஒன்றே அத்தீவில் உறுதியாகப் பதிவான கடைசி வேங்கை. சுமாத்திராவின் ஆண் வேங்கை 100 முதல் 140 கிலோகிராம் வரை. இந்தியப் பெருநிலத்து ஆணோ 200 கிலோகிராமைத் தாண்டவும் கூடும். இப்படியிருக்க, நம் தீவுச் சிறுத்தை இந்தியச் சிறுத்தைக்குக் குறையாமல் நிற்பதே எனக்கு வியப்பைத் தருகின்றது. புள்ளிமான், மரை, காட்டுப்பன்றி, முசு என்று அதன் உணவுக்கு வகையுண்டு; பங்கு கேட்கப் பெரிய பகைவனும் இல்லை. நூறு கிலோகிராம் என்னும் கதையைக் காட்டிலும் இதுவே பெருமைப்படத் தக்க செய்தி என்று நான் கருதுகிறேன்.

உடலின் பருமன் இடத்துக்கு இடம் ஏன் வேறுபடுகின்றது? ஜேர்மனியரான கார்ல் பேர்க்மன் 1847இல் ஒரு விதியை எடுத்துரைத்தார். வெப்ப இரத்தமுள்ள பிராணிகளில், குளிர்ப் பிரதேசத்திலுள்ளவை பெரும்பாலும் உடல் பெருத்திருக்கும் என்பது அது. அடுப்பிலிருந்து இறக்கிய பெரும் பானை நீர் நெடுநேரம் சூடாக இருக்கும். அதே நீரைக் கிண்ணத்தில் ஊற்றினால் விரைவில் ஆறிவிடும். பெரிய உடலுக்கு, அதன் கனத்தோடு ஒப்பிடுகையில் வெளிப்பரப்புக் குறைவு. ஆகவே வெப்பம் மெல்லவே கழிகின்றது. அமெரிக்கக் கண்டத்துப் பூமா என்னும் விலங்கு இவ்விதிக்கு நல்ல எடுத்துக்காட்டு. அது பூமத்தியரேகையை அண்டிய நாடுகளிற் சிறுத்தும், வடக்கிலும் தெற்கிலும் குளிர் மிகுந்த நிலங்களிற் பெருத்தும் காணப்படுகின்றது.

ஆனால் குளிர் மாத்திரம் உடலை வளர்க்காது, உணவு வேண்டும். ருசியாவின் கீழ்க்கோடியில், பனிக்காட்டில் வாழும் அமூர் வேங்கையே வேங்கைகளுள் மிகப் பெரியது என்று நாம் அனைவரும் படித்திருக்கிறோம். பழைய வேட்டைப் பதிவுகளுள் நம்பத்தக்கவற்றைத் தொகுத்த ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட கணக்கின்படி, அக்கால ஆண்களின் சராசரி நிறை ஏறத்தாழ 215 கிலோகிராம். அண்மைக் காலத்தில் அதே காட்டிற் பிடித்து நிறுத்து விடுவிக்கப்பட்டவற்றின் சராசரியோ ஏறத்தாழ 176 தான். காட்டின் குளிர் அப்படியேதான் இருந்தது. இரை குறைந்தமையும், பெரியவற்றையே தேடிக் கொன்ற வேட்டையும், எஞ்சியவை மிகச் சிலவாய்ப் போனமையும் இதற்குக் காரணங்களாக இருக்கலாம் என்று கருதப்படுகின்றது. இன்று இந்திய, நேபாளக் காடுகளில் காட்டெருமையையும் மரையையும் உண்டு திரியும் வேங்கை, பனிக்காட்டு வேங்கைக்கு இளைத்ததன்று. அதே வங்க வேங்கை இனம் சுந்தரவனத்துச் சதுப்பு நிலத்தில் எப்படி இருக்கின்றது? வங்காளதேசப் பகுதியில் நிறுத்துப் பார்த்த மூன்று பெண் வேங்கைகளின் சராசரி ஏறத்தாழ 77 கிலோகிராம். உட்பிரதேசத்துப் பெண் வேங்கை நூறைத் தாண்டி வளர்வது வழக்கம். உப்புநீர்க் காட்டிலே கிடைக்கும் பிரதான இரை புள்ளிமான். பேரிரை இல்லாதவிடத்துப் பேருடலும் இல்லை. ஜகுவார் என்னும் அமெரிக்கப் பெரும் பூனையும் இவ்வாறே. பிரேசிலின் பந்தனால் ஈரநிலத்தில் முதலையும் மாடும் தின்று நூறு கிலோகிராமை எட்டும் அது, மெக்சிக்கோவின் பசிபிக் கரையோரக் காடுகளில் ஐம்பதோடு நின்றுவிடுகின்றது.

இனி, கூண்டிலுள்ளவற்றைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லாத ஆசிரியர் நம் நாட்டில் அரியர். ஜோன் ஹாகன்பெக் என்னும் ஜேர்மானிய வணிகர் திரட்டிய விலங்குத் தொகுதியாக ஆரம்பமாகி, 1936இல் அரசாங்கத்தின் பொறுப்பிற்கு வந்த நிலையம் அது. அங்கே சிங்கத்தைக் கண்ட எங்கள் பிள்ளைகள், காட்டுச் சிங்கமும் இப்படியே இருக்கும் என்று எண்ணி வீடு திரும்புகிறார்கள். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

நெட் ஹொலிஸ்டர் என்பவர் வாஷிங்டன் நகரத்து விலங்குச்சாலையின் பொறுப்பாளராக இருந்தவர். கிழக்காபிரிக்காவிலிருந்து இளமையிலே பிடித்து வரப்பட்டு அங்கே வளர்ந்த சிங்கங்கள் இறந்தபின், அவற்றின் மண்டையோடுகளை, அவை பிறந்த நிலத்திலேயே காட்டில் வளர்ந்து வேட்டையாடப்பட்டவற்றின் மண்டையோடுகளோடு ஒப்பிட்டு, 1917இல் தம் முடிவை வெளியிட்டார். குடி ஒன்றே, குருதி ஒன்றே. ஆயினும் கூண்டில் வளர்ந்தவற்றின் மண்டையோடு குறுகி அகன்றிருந்தது; மூளைக்குரிய உட்குழிவும் குறைந்திருந்தது. இரையைப் பற்றி இழுத்து, கழுத்தை முறித்து, தோலைக் கிழித்து உண்ணும் விலங்கின் தாடைத் தசையும் கழுத்துத் தசையும் வளரும் எலும்பை ஒரு வகையாக இழுத்து உருவாக்குகின்றன. வெட்டிய இறைச்சியை நேரந் தவறாமற் பெறும் விலங்குக்கு அந்த இழுப்பு இல்லை. எனவே எலும்பே வேறு வடிவம் கொள்கின்றது. தம் முன்னோர் கையிலே கலப்பை பிடித்தவர், தம் கையிலே பேனா பிடிப்பவர் எவரும் தம் உள்ளங்கையைப் பார்த்தால் இதை விளங்கிக்கொள்வர்.

கொழுப்பு வேறு கதை. விலங்குச்சாலைகளில் வளர்ந்த அமூர் வேங்கைகளுள் 300 கிலோகிராமைக் கடந்தவையும் உண்டு. 'உலகின் மிகப் பெரிய வேங்கை' என்று பத்திரிகைகளிற் படத்தோடு வருவன பெரும்பாலும் இத்தகையனவே. பத்துக் கட்டை தூரம் பனியில் நடந்து, பல நாள் பட்டினி கிடந்து, ஒரு பன்றியைப் பிடிக்கும் வேங்கைக்கு அவ்வளவு கொழுப்பைச் சுமந்து திரிய இயலாது. கூண்டின் கணக்கைக் காட்டின் கணக்கோடு சேர்த்துக் கூட்டிச் சராசரி காண்பவர், இரண்டையும் அறியாதவராகிறார்.

காட்டிலே நிறுத்த கணக்கிலும் கள்ளமுண்டு. பெரும் பூனை ஒன்று ஒரே இரவில் முப்பது கிலோகிராம் இறைச்சியையும் உண்ண வல்லது. அந்த வயிற்றோடு தராசில் ஏற்றினால் இரையின் நிறையும் சேர்ந்துகொள்ளும். நீளம் அளப்பதிலும் அப்படியே. பழைய வேட்டைக்காரர் சிலர், விலங்கைக் கிடத்தி, மூக்கு நுனியிலும் வால் நுனியிலும் முளையடித்து இடைத்தூரத்தை அளந்தனர். வேறு சிலர் முதுகின் வளைவோடு நாடாவை ஓட்டினர். இரண்டாவது முறையில் அதே விலங்கு சில அங்குலம் கூடிவிடும். உரித்த ஈரத்தோலை இழுத்துக் காயவிட்டால் அது இன்னும் நீளும். வெருகலுக்குத் தெற்கே, வாகரையையும் கடந்து உட்புறம் சென்றால் வருவது புணானை. அங்கே குறைந்தது பன்னிரண்டு பேரைக் கொன்ற சிறுத்தையை 1924இல் ஷெல்டன் அகார் என்னும் வெள்ளைக்காரர் சுட்டார். அதன் உடல் பாடம் செய்யப்பட்டுக் கொழும்பு நூதனசாலைக்குச் சென்றது. எங்கள் பக்கத்து முதியவர் கதைகளில் அச்சிறுத்தை ஆண்டுக்கு ஒரு முழம் வளர்ந்து வந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் அறிந்தபின், அடுத்த திங்கட்கிழமைக் காலைக்கூட்டத்தில், தவறு என்னுடையது என்று பிள்ளைகள் அனைவரின் முன்னிலையிலும் சொன்னேன். புள்ளித்தாளைத் திருத்தி, பட்டிக்காரர் மகனுக்கும் முதலிடம் வழங்கினேன். அவன் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. அன்று பிள்ளைகள் சிரித்தது திருத்தப்படக்கூடியதன்று அல்லவா? ஆயினும் சில நாளின் பின் அவனே என் அறை வாயிலில் வந்து நின்று, ஆற்றங்கரையில் தகப்பனார் ஓர் அடிச்சுவடு கண்டதாகவும், 'பெரிய கடுவன்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவதாகவும் கூறி, "அளந்து பாப்பமா சேர்?" என்றான்.

விஞ்ஞான ஆசிரியரும், அம்மாணவியும், வேறு நால்வருமாகச் சென்றோம். நீரோரச் சேற்றில் பதிந்திருந்த சுவடு ஆறு விரற்கடை அகலம். தகப்பனார் எங்களைப் பெருமிதத்தோடு நோக்கினார். பையன் குனிந்தபடியே சுவட்டைத் தொடர்ந்து கரைமேட்டுக்கு ஏறினான். அங்கே, மெல்லிய புழுதி படிந்த இறுகிய தரையில், அதே விலங்கின் முன்கால் நான்கு விரற்கடைக்குச் சற்று மேலாகவே இருந்தது. சேற்றில் கால் புதையும்போது விரல்கள் அகலும். கரை சரிந்து குழியும் விரியும். பிள்ளைகள் இரு அளவுக்கும் இரண்டு ஈர்க்குகளை முறித்து எடுத்தார்கள். தகப்பனார் மட்டும், "அது மேட்டில ஏறேக்க காலைச் சுருக்கினது" என்று கடைசிவரை வாதித்தார்.

இலங்கைக் காடுகளில் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்பது 2020ஆம் ஆண்டின் மதிப்பீடு. அவற்றுட் பல, பன்றிக்கும் மானுக்கும் வைத்த கம்பிச் சுருக்கிலே மாள்கின்றன. சுருக்கு, விலங்கின் நிறையைக் கேட்பதில்லை. 29 கிலோகிராம் பெண் சிறுத்தையொன்று அகப்பட்டால் அதை நம்பியிருக்கும் குருளைகளும் போயின. பையனின் பேச்சில் நான் கேட்கத் தவறிய இரண்டாவது செய்தி இதுவே. அவன் எடுத்துக்கொண்ட பொருள் நிறையன்று, சுருக்கு.

மூதூரில் நடந்த வலய மட்டப் போட்டிக்கு மாணவியே சென்றாள். பேச்சைத் தானே திருத்தி எழுதினாள். நூறை எடுத்துவிட்டு 56 என்றும் 29 என்றும் வைத்தாள்; கம்பிச் சுருக்கைப் பற்றியும் சேர்த்துக்கொண்டாள். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் நெடுநேரம் பேசாதிருந்தவள், "முதலாவதா வந்த பிள்ளை நூறு கிலோ எண்டுதான் சொன்னவ, சேர்" என்றாள். பின்பு தன் பையைத் திறந்து, கொப்பிக்குள் வைத்திருந்த இரு ஈர்க்குகளும் முறியாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாள்.